சூசை அண்ணன் காரில் நான் பொருத்திய பம்ப்

செய்தி வந்தபோது நான் பேக்கிங் மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. தொழிற்சாலைக் குழுவில் ஒரே வரி: ஸ்டோர் சூசை இன்று காலை தவறிவிட்டார், மாரடைப்பு. எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இந்த மெஷினுக்குப் புது பெல்ட் வேண்டுமே, ஸ்டோரில் இன்று யார் இருப்பார்கள்? வேலையை முடித்து மெஷினை ஓடவிட்ட பிறகுதான் அந்த வரியை மறுபடி படித்தேன். இதை மறைத்துவிட்டு எழுதினால் சூசை அண்ணனுக்கே பிடிக்காது.

நம் குளுவாங் தொழிற்சாலையில் ஸ்டோர் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் அவருடைய முதல் கேள்வி தெரியும். "பழசு எங்க?" பழுதான பாகத்தைக் காட்டாமல் புதியது கிடைக்காது. நான் சேர்ந்த புதிதில் ஒரு பேரிங்குக்காக வெறுங்கையோடு போய்க் கத்தினேன். அவர் அசையவில்லை. பழையதைக் கொண்டுவந்து கொடுத்ததும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "இது தேயல தம்பி, உள்ள தண்ணி போயிருக்கு. புதுசு போட்டாலும் அடுத்த வாரம் மறுபடி வருவ. வா லா, நான் எங்க போகப் போறேன்." அடுத்த வாரம் போனேன். அவர் சிரிக்கவில்லை. பேரிங்கோடு தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் ஒன்றையும் சேர்த்து நீட்டினார்.

இளம் வயதில் பாய்லர் அறையில் வேலை பார்த்துக் காதைக் கெடுத்துக்கொண்டவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் கேட்பதற்கான மெஷின். மேனேஜர் கூட்டத்தில் சத்தம் போடும்போது மெதுவாகக் கையை உயர்த்தி அதை அணைத்துவிட்டு, மிகப் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும், "ஆண்டவர் எனக்கு மட்டும் சுவிட்ச் குடுத்திருக்காரு. ஒங்களுக்கெல்லாம் இல்ல, பாவம்" என்பார்.

அவருடைய கார் பழைய கார்பரேட்டர் கார். எஞ்சினோடு வந்த பெட்ரோல் பம்ப் போய்விட்டது. அந்தப் பாகம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வெளியில் விற்கும் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை வாங்கி நானே மாட்டித் தருகிறேன் என்றேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து பக்கத்து ஊரான காஹாங்கில் அவர் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரத்தில் கார் ஓடியது. எனக்குப் பெருமை. பம்ப்போடு பெட்டியில் அதைத் தாங்கும் இரும்புத் தகடும், அதிர்வை அடக்க நான்கு ரப்பர் புஷ்களும் வந்திருந்தன. ரப்பரைப் போட வேண்டுமானால் தகட்டின் துளைகளைப் பெரிதாக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. இரும்புத் தகட்டை நேராகப் பின்சீட்டுக்கு அடியில் காரின் தரையோடு சேர்த்து இறுக்கிவிட்டேன். அவர் பக்கத்தில் குனிந்து, கையில் அந்த ரப்பர்களை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது மிச்சமாயிருக்கே, இன்ஜினியரே?"

"அது தேவையில்லண்ணே. சும்மா குடுப்பாங்க."

எலெக்ட்ரிக் பம்ப் டக்கு டக்கென்று அடிக்கும். அது இயல்பு. ஆனால் இரும்போடு இரும்பாக இறுக்கினால் காரின் தரை முழுக்க ஒரு தப்பு மேளம்போல ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. படித்ததே இதைத்தான்.

மூன்று தடவை சொன்னார். முதல் தடவை, "கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கு தம்பி" என்றார். "சத்தம் கேட்டா உயிரோட இருக்குன்னு நெனச்சுக்குங்க" என்றேன். இரண்டாம் தடவை கார் நிறுத்துமிடத்தில் போனை வைத்துச் சத்தத்தை அளந்து, "அளவுக்குள்ளதான் இருக்கு, பாருங்க" என்று திரையைக் காட்டினேன். மூன்றாம் தடவை, "ஒரு நாள் நீயே வந்து ஒக்காந்து ஓட்டிப் பாரேன்" என்றார். அடுத்த வாரம் என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. நம் பிரிவில் ஒரு புகார் ஒரு மாதம் திரும்ப வராவிட்டால் தீர்ந்தது என்று மூடிவிடுவோம். அதையும் அப்படித்தான் மூடினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காஹாங்குக்குப் போனேன். அவருடைய மனைவி பிலோமினா அக்கா வீட்டுக்குள் உட்காரச் சொல்லவில்லை. உள்ளே இடமும் இல்லை. அண்ணனுடைய அம்மா, தம்பி குடும்பம், பிள்ளைகள் என்று எப்போதும் நிறைந்திருக்கும் வீடு அது. காருக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினோம். அக்காவும் குளுவாங்கில்தான் வேலை பார்க்கிறார். தினமும் காலையில் இருவரும் ஒன்றாகப் போவார்கள்.

"நாங்க புருசன் பொஞ்சாதியா பேசினதே இந்த காருலதான் தம்பி. வீட்டுல எங்க பேசறது? நீ பம்ப் போட்டப்புறம் அவரு காரு ஸ்டார்ட் பண்ணதும் காது மெஷின ஆஃப் பண்ணிருக்காரு. அந்தப் பக்க காது எனக்குத் தெரியாதில்ல? நான் பாட்டுக்குப் பேசிட்டு வருவேன். அவரு ரோட்டப் பாத்துக்கிட்டே தலையாட்டுவாரு."

"எப்பக்கா தெரிஞ்சது?"

"போன மாசம். பின்னால லாரிக்காரன் அந்த அடி ஹார்ன் அடிக்கிறான், இவரு திரும்பவே இல்ல. நான் தோளத் தட்டிக் கத்தினதும் சொல்லிட்டாரு. மெஷின் போட்டா டக்கு டக்குன்னு மண்டையில ஆணி அடிக்குது பிலோமி, அதான்னாரு. அலமாக்! இத்தன நாளா நான் யாருகிட்ட பேசிட்டு வந்தேன்னு ஒரே சண்ட. பம்ப மாத்தச் சொன்னேன். அந்தப் புள்ள லீவு நாள்ல வந்து செஞ்சு குடுத்தான், மனசு சங்கடப்படுவான்னாரு."

அடுத்த ஞாயிறு ட்ரில்லோடு போனேன். தகட்டைக் கழற்றினேன். நான் பம்பைப் பெட்ரோல் டேங்கின் அடிமட்டத்துக்கு மேலே வைத்திருந்தேன். பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும்போது அது கூடுதலாகத் திணறியிருக்கிறது. அதைக் கீழே இறக்கினேன். துளைகளைப் பெரிதாக்கி நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் போட்டேன். தரையில் உரசிக்கொண்டிருந்த இரும்புக் குழாயை வெட்டி நடுவில் பெட்ரோல் ஹோஸ் கொடுத்தேன். அடைபட்டிருந்த ஃபில்டரை மாற்றினேன். சாவியைத் திருப்பினேன்; காரின் தரையில் காதை வைத்தால்தான் பம்ப் சத்தம் கேட்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அக்காவும் ஏறிக்கொண்டார். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் குளுவாங் எல்லை வரை ஓட்டினேன். வண்டியைத் திருப்பியபோது, "மெதுவா ஓட்டு தம்பி" என்றார். பிறகு ஆரம்பித்தார்.

"ஒரு நாள் இந்த ரோட்டுலதான் கேட்டேன். குளுவாங்ல வாடகைக்கு ஒரு சின்ன வீடு, நம்ம ரெண்டு பேரு மட்டும், போலாமான்னு. கல்யாணமாகி இத்தன வருசத்துல அதான் மொத தடவ கேட்டது. கேக்கறதுக்கே ரெண்டு நாளு தைரியம் சேத்து வச்சேன். தலையாட்டினாரு. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். வேலையிடத்துல நாலு பேருகிட்ட வீடு கூட விசாரிச்சேன். அப்புறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கல. திருப்பிக் கேக்க எனக்கு ரோசம்."

"மெஷின் விசயம் தெரிஞ்சப்புறம் கேட்டிருக்கலாமேக்கா?"

"அப்ப கோவம். பேசறதையே நிறுத்திட்டேன். அவரு பாவம், மெஷின ஆன் பண்ணிட்டு, தலவலியோட ஓட்டுவாரு. நான் சன்னலப் பாத்துட்டு வருவேன். ஈஸ்டர் முடியட்டும், கேப்போம்னு இருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "காதுல விழுந்துதான் தலையாட்டினாரா தம்பி, விழாமலா? நீ படிச்சவன்தானே, சொல்லு."

எதைக் கேட்டாலும் அடுத்த நொடி பதில் சொல்கிறவன் நான். உங்களுக்கே தெரியும். அன்று கியரை மட்டும் மாற்றினேன். அவரும் காத்திருக்கவில்லை. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்: முன்னால் ஒரு மல்லிகைத் தொட்டி, பின்னால் துணி காயப்போட இடம், சமையலறையில் இருவர் உட்காரும் மேசை. நான் வேகத்தைக் குறைத்தேன்.

நினைவாக வைத்துக்கொள்ள சூசை அண்ணனின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கி வரவில்லை. அவருக்காகச் சொல்லப்பட்ட அந்தப் பேச்சை, அவருடைய இருக்கையில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் நான் கேட்டேன். அது எனக்குரியதல்ல. ஆனாலும் என்னிடம்தான் இருக்கிறது.