பூலியாவில் ஒரு கதவின் உயரம்

பயணம் விற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: வாங்கியவர் விமானம் ஏறி இறங்கும்வரை சரக்கைப் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த வசதியை நம்பித்தான் பதினோரு வருடங்களாகச் சாப்பிடுகிறேன். ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் வீதியில் ஒரு மசாலாக் கடைக்கும் ஒரு முடிதிருத்தகத்துக்கும் நடுவே எங்கள் அலுவலகம். மற்றவர்கள் சென்னைக்கும் கொழும்புக்கும் சீட்டுப் போடுவார்கள். நான் தென் இத்தாலியின் பூலியா மாநிலத்துக்கு ஆள் அனுப்புகிறவன். அதன் சாப்பாடு, கைவினை, கட்டடம் மூன்றிலும் நிபுணன் என்று பெயர். அதைப் பற்றி இந்த ஊர் நூலகங்களில் கிடைத்த எல்லாப் புத்தகங்களையும் அடிக்குறிப்பு விடாமல் படித்திருக்கிறேன். போனதில்லை. தெரியாத ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு, ஆட்டிய தலையை நிறுத்த வழி தெரியாமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

சுற்றிவளைத்த பதில்

“நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?” என்று முதன்முதலில் கேட்டவர் நகரின் வடக்கே ஆல்பனியிலிருந்து வந்த ஒரு கணித ஆசிரியை. ‘இல்லை’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வெளியே வந்ததோ, “ஆகஸ்டில் மட்டும் வேண்டாம், கல்தரைச் சூட்டில் நிற்க முடியாது.” இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்தவர் எழுதிய அறிவிப்புப் பலகையில் பிழை கண்டால் கடைக்குள் போய்ச் சொல்லிவிட்டு வருகிற நான், அதைத் திருத்தவில்லை.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. “லெச்சே நகரத்துத் தேவாலய முகப்பெல்லாம் மாலை வெயிலில்தான் தேன் நிறமாகத் தெரியும்” என்பேன். யார் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் கயல்விழி திருநெல்வேலிக்காரி, எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருப்பவள். ஒருநாள் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: “சார், நீங்க பொய்யே சொல்றதில்ல. கேக்குறவங்களயே சொல்ல வச்சிடுறீங்க.”

கட்டைவிரல்

வருடத்துக்கு இரண்டு முறை மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு சமூக மண்டபத்தை எடுத்துப் பேசுவேன். ஒருமுறை பேச்சு போதாதென்று செய்தும் காட்டினேன். பாரி நகரத்துச் சந்துகளில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து ரவை மாவில் காது வடிவப் பாஸ்தா செய்வார்கள். மாவைத் துண்டாக வெட்டி, மழுங்கிய கத்தியால் பலகையில் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்தால் காது வரும். இதை நான் நான்கு புத்தகங்களில் படித்திருந்தேன். என் மாவு பலகையை விட்டு வர மறுத்தது. வந்த ஒன்றிரண்டும் யாரோ மிதித்த காதுகள் போலிருந்தன. நியூசிலாந்து மாவு வேறு ரகம் என்று விளக்கம் சொன்னேன்.

முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரர், முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. என்னிடமிருந்து கத்தியை வாங்கி, இரண்டு பிடி ரவையைத் தூவிப் பிசைந்து, ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டுக் காதுகள் செய்து வைத்தார். பிறகு, குறையாக அல்லாமல் வெறும் ஆச்சரியமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “தம்பி, உந்தக் கை அங்க பழகின கை மாதிரித் தெரியேல்லையே.”

குனிய முடியாதவர்

அன்று அவருடன் கணவர் அருள்நேசனும் வந்திருந்தார். ஆறடி மனிதர். இந்த ஊர் எரிமலைக் கல்லை அடுக்கித் தோட்டச் சுவர் கட்டியவர். இரண்டு வருடம் முன்பு சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்திலும் முதுகிலும் உலோகத் தகடு. நிற்கலாம், இருக்கலாம், படுக்கலாம். குனியக்கூடாது, அண்ணாந்து பார்க்கவும் ஏலாது. முழங்காலும் சொல் கேட்பதில்லை. வேலை போய்விட்டது.

நான் படத்தில் காட்டிய த்ருல்லோ வீடுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. அல்பெரொபெல்லோ என்ற ஊரில் சாந்து சீமெந்து எதுவும் இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கி, கூம்பாக மேலே மூடிய வீடுகள் அவை. கல் எப்படி மேலே போய் மூடுகிறது என்று உள்ளே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்றார். சேமிப்பெல்லாம் அதற்கென்றே எடுத்துவைத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்: கதவு என்ன உயரம்?

சுவரின் தடிப்பு எனக்குத் தெரியும். கூரையில் சுண்ணாம்பால் வரையும் குறிகளுக்குச் சொல்லப்படும் மூன்று விளக்கங்களும் தெரியும். கதவின் உயரத்தை ஒரு புத்தகமும் சொல்லவில்லை. விடுதிக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் போய் வந்தவன் ஏன் கேட்க வேண்டும்? “தாராளமாகப் போகலாம்” என்றேன். பிறகாவது எழுதியிருக்கலாம். எழுதி, பதில் வேறாக வந்தால், அவரிடம் போய்ச் சொல்ல வேண்டிவரும். எழுதவில்லை. அன்று அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சொன்னது இது: “உள்ள நிண்டு பாத்த ஆள் நீங்கள் சொன்னால் எனக்குப் போதும்.”

வாசலில் ஒரு கதிரை

ஜூன் மாதம், காலை ஆறரை மணி, முதல் தேநீர். அங்கே முந்தைய நாளின் அந்தி. ஜெசிந்தா அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. வெள்ளைச் சுவர், கூம்புக் கூரை, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே. வாசலில் அருள்நேசன் அண்ணை நிமிர்ந்து நின்றார். கதவின் மேற்கல் சரியாக அவருடைய கண்மட்டத்தில் இருந்தது. அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. கையை நீட்டி அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரப் பெண் சமையலறைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவரை அதில் இருத்தி, அவளும் பக்கத்து வீட்டு ஆண்கள் இருவருமாகத் தூக்கினார்கள். திருநாளில் மாதா சுருவத்தைத் தூக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோவது போல அவர் ஆடி ஆடி உள்ளே போனார். மூன்று நாளும், போக வர, அதே கதிரைதான். அக்கா திரையில் திரும்பி என்னிடம் ஒன்று கேட்டார். நான் காதில் கைவைத்து, இணைப்பு சரியில்லை என்று சைகை செய்தேன். அவர் குரலை உயர்த்தினார்: “கேக்கேல்லையோ, தம்பி? நீங்களும் உயரம்தானே, எப்பிடி உள்ள போனனீங்கள் எண்டு கேட்டனான்.”

வைக்கோல்

விமான நிலையத்துக்குப் போய் அவர்களை வரவேற்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. அதற்குமுன் எந்த வாடிக்கையாளருக்கும் அப்படித் தோன்றியதில்லை. விமானம் இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார்கள், அக்காவின் கையில் ஒரு ரசீது மட்டும். லெச்சேயில் கடதாசிக் கூழால் புனிதர் உருவங்கள் செய்வார்கள். அக்கா ஒரு அந்தோனியாரை வாங்கி, பதினைந்து நாள் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். வருகைப் படிவத்தில் தாவரப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு ஓம் என்று போட்டு, அதிகாரியிடம், உள்ளே கம்பியும் வைக்கோலும் இருக்கிறது என்று தானாகவே சொல்லியிருக்கிறார். அந்தோனியாரைக் கிருமி நீக்க எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வைக்கோல் விவரம் என் பேச்சில் நான் மிகவும் பெருமைப்படும் விவரம். நம் ஊர்ச் சோதனைக்கு வைக்கோல் ஆகாது என்பதை மட்டும் சொல்ல மறந்திருந்தேன். சங்கடத்தில், வெளியே பார்த்தால் வெறும் கடதாசிதானே, பேசாமல் வந்திருக்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, விளங்காமைதான் இருந்தது. “நீங்கள்தானே வைக்கோல் இருக்கெண்டு சொல்லித் தந்தனீங்கள். தெரிஞ்சுகொண்டு எப்பிடித் தம்பி வாயை மூடிக்கொண்டு நிக்கிறது?”

அளவு நாடா

அந்தோனியார் விடுதலையான அன்று இருவரும் அவரோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். தங்கிய வீட்டின் கதவு, உள்வளைவு, குளியலறை வாசல், படி, கட்டில் எல்லாவற்றுக்கும் அளவு. அந்தத் தெருவில் இன்னும் நான்கு விடுதிகளில் கேட்டு அளந்திருந்தார். அதில் ஒன்றின் கதவு ஆறடி இரண்டங்குலம், அடியில் கோடு போட்டிருந்தது. அவர் குனிய முடியாததால் நாடாவின் கீழ்நுனியை எல்லா இடத்திலும் அக்கா பிடித்திருக்கிறார்.

நான் எழுந்து நின்றேன். “அண்ணை, நான் அங்கே போனதே இல்லை” என்றேன். கயல்விழியின் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் கழுத்தைத் திருப்ப முடியாதவர். உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினார். கதவைக் கண்ட அன்றே தெரியும் என்றார். போன ஆளென்றால் நெற்றியில் இடிபட்டிருக்கும், அதைத்தான் முதலில் சொல்லியிருப்பான் என்றார். கோபம் இரண்டு நாள் இருந்ததாம். மூன்றாம் நாள் காலை, படுத்தபடியே, கூம்பின் உச்சியில் கடைசிக் கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பிடிபட்டதாம். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்: “இனி வாற சனத்துக்கு இந்த உயரத்தைச் சொல்லுங்கோ. அளந்தது ஆர் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.”

இப்போதெல்லாம் “நீங்கள் போயிருக்கிறீர்களா?” என்று யாராவது கேட்டால் “இல்லை” என்கிறேன், பூலியாவைப் பற்றி நான் நேரில் அறிந்து சொல்லக்கூடிய ஒரே தகவல் அதுதான்.