வீட்டுக்குச் சம்பாதிப்பவர் யார்?

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பணத்தைப் பற்றிய ஆங்கிலச் சொற்களை நான் மனப்பாடம் செய்தேன். வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். பேச்சுப் பகுதியில் எந்தத் தலைப்பு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பயணம், சாப்பாடு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் ஒரு வழியாகத் தேற்றிவிட்டேன். பணம் மட்டும் மிச்சமிருந்தது.

மார்ட்கேஜ், ஓவர்டிராஃப்ட், டிஸ்போசபிள் இன்கம் என்று இங்கே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் காலை ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஒரு நாள் ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். காலும் வலித்தது, நானும் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

என் கணவருக்குப் பீளமேட்டில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு லேத் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யட்டுமா என்று நான் கேட்டபோது, "உன்ற இஷ்டம் அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அது சம்மதமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை கேட்டால் அவரை நிற்க வைத்துக் கேட்பது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். தேறுவேனா என்ற கவலையைவிட, இவர் மனதார அனுப்புகிறாரா என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அவருக்கு மனமில்லை என்றால் போவதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

பயிற்சி வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். தேர்வு போலவே எதிரில் உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்டாள். சம்பளத்தில் எவ்வளவு சேமிக்கிறீர்கள் என்றாள். கொஞ்சம் என்றேன். உங்கள் ஊரில் விலைவாசி எப்படி என்றாள். போகிறது என்றேன். வருமானம் போதுகிறதா என்றாள். கடவுள் புண்ணியத்தில் சமாளிக்கிறோம் என்றேன். உங்கள் வீட்டில் பிரெட்வின்னர் யார் என்றாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "வார்த்தையெல்லாம் தெரியுதுங்க மேடம். ஆனா நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. மில் முதலாளியிடம் தொழில் எப்படி என்று கேட்டாலும் "ஏதோ போகுதுங்க" என்பார். நட்டத்தில் தத்தளிப்பவரும் அதையேதான் சொல்வார். நன்றாக இருக்கிறது என்றால் கண் பட்டுவிடும், இல்லை என்றால் மானம் போய்விடும். வெளியாட்களிடம்தான் இப்படி என்றில்லை, புருசன் பெண்டாட்டிக்குள்ளும் இதே கதைதான். எங்கள் வீட்டு பீரோவில் ஒரு சில்வர் டப்பா உண்டு. அவரும் அதில் பணம் போடுவார், நானும் போடுவேன். வீட்டுச் செலவு முழுக்க அதிலிருந்து போகும். யார் எவ்வளவு போட்டோம் என்று கல்யாணமான நாளிலிருந்து ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. பட்டறைக்கு ஆர்டர் குறைந்த இரண்டு வருடங்களில் அவர் போடுவது குறைந்தது, சில மாதம் நின்றே போனது. நான் சத்தமில்லாமல் கூடுதலாகப் போட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்துதான் போனது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மகள் சென்னையில் விடுதியில் இருந்தாள். அவளுக்கும் தெரியாது.

வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். இருப்பது ஒரே ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேள்வித்தாளை அவர் கையில் கொடுத்தேன். ஐ.டி.ஐ. படித்தவர், கம்பெனி மேனேஜர்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலம். சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்று விறைப்பாக உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேர்வில் சிரித்தால் மார்க் குறைப்பார்கள் என்று அதட்டினார்.

நாலைந்து கேள்விகள் நன்றாகவே போயின. பிறகு பிரெட்வின்னர் என்ற சொல்லில் அவர் நின்றார். என்ன அர்த்தம் என்று கேட்டார். வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர் என்றேன்.

"நம்மூட்டுல காச்சல் வந்தாத்தான ரொட்டியே வாங்கறோம்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

இருவரும்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தாளை என்னிடம் நீட்டி, நீ கேள், நான் சொல்கிறேன் என்றார். கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். என் மனைவி. இரண்டு வருடம். எனக்கு ஆர்டர் இல்லை. அவள் சம்பளம், இந்த வீடு. நான் சொல்லவில்லை. முதலில் எனக்கு வெட்கம். இப்போது நன்றி.

தாளைக் கீழே வைத்தேன். எப்போதிருந்து தெரியும் என்று தமிழில் கேட்டேன்.

"நான் போடாத மாசமும் டப்பாவுல காசு இருந்துச்சே, தெரியாம இருக்குமா? தமிழ்ல சொல்ல வாய் வரலை அம்மணி."

இதுதான் சமயம் என்று, நான் போவதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"போ. தனியா இருக்கோணும்னு நெனச்சா பயமாத்தான் இருக்குது. ஆனா எனக்கும் இஷ்டந்தான்."

எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, சொந்தக்காரர்கள் கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்தே டிரெயினிங்குக்கு அனுப்புவதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். சரிங்க என்றேன். மனதில் ஒரு முள் இருக்கத்தான் செய்தது. எனக்கு முன்னால் சொல்ல முடிந்ததை நாலு பேருக்கு முன்னால் அவரால் சொல்ல முடியாது, அது அவருடைய கௌரவம், அதில் நான் கை வைக்கக் கூடாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தேர்வில் பணத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசு என்றார்கள். இத்தனை நாள் பஸ்ஸில் முணுமுணுத்ததை எல்லாம் நினைத்து எரிச்சலாக வந்தது. ஆனால் வாய் திறந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அதிகாலையில் மிக்ஸி ஓட்டுவதிலிருந்து அவர் எங்களுக்குச் செய்த உதவி வரை, நிறுத்தச் சொல்லும்வரை பேசினேன். வேண்டிய மதிப்பெண் கிடைத்தது.

விசா வந்த மாதத்தில் தொண்டாமுத்தூரில் என் கணவருடைய பங்காளி வீட்டுக் காதுகுத்து. தென்னந்தோப்பில் பந்தல் போட்டு விருந்து. செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிர்ப் பந்தியில் அவருடைய பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஏன் கண்ணு, பொண்டாட்டிய அத்தன தூரம் அனுப்பற அளவுக்குத் தொழில் படுத்துப்போச்சா?" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரெயினிங் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். என் கணவர் கையால் என்னைத் தடுத்தார்.

"படுத்துத்தானுங்க போச்சு பெரீப்பா. ரெண்டு வருசமா இவ சம்பளத்துலதானுங்க எங்கூடு நடக்குது. புள்ளையப் படிக்க வெக்கறதும் இவதானுங்க." அவர் தலை குனியவில்லை.

பெரியப்பா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அந்தப் புள்ளைக்கு மொதல்ல ரசம் ஊத்து என்று என் இலையைக் காட்டினார்.

ரசம் வந்தது. எனக்கு இலையே சரியாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, காரமா என்று கேட்டார்.

"இல்லீங்க அத்தை, சந்தோசமுங்க" என்றேன்.