யூசுப் பாய் தூக்கி வந்த இரண்டு மூட்டைகள்

யூசுப் பாய் போய்விட்டார் என்ற செய்தி என் மருமகளின் போனில் வந்தது. எனக்குப் படிக்க வராது. அவள்தான் வாசித்துக் காட்டினாள். மந்தைவெளியிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் நடந்தே போனேன். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது ஏறி, பாயைப் பற்றி என்னிடம் நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

அவரோடு வேலை செய்த நீங்கள்தான், அவர் நினைவாகப் போடும் இந்தச் சின்னப் புத்தகத்தைப் படிக்கப் போகிறீர்கள். அதனால் அவர் எப்படிப்பட்ட தச்சர் என்று நான் சொல்லத் தேவையில்லை. முப்பது வருஷம் சேர்ந்து போனோம். மரம் அவருடையது, பைப் என்னுடையது. "மரம் சும்மா படுத்துக்கினு கீதுன்னு நெனைக்காதே நைனா, அது பொரண்டுக்கினே இருக்கும்" என்பார். அந்த வார்த்தையை நான் காதில் வாங்கினேன், கையில் வாங்கவில்லை.

மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி வீடு உங்களுக்கு நினைவிருக்கும். மாடித் தளம் முழுக்கத் தேக்கு உத்திரமும் பலகையும். மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது, குளிக்கக் கீழே இறங்க முடியாது. மாடியிலேயே குளியலறை வேண்டும் என்றார்கள். வேறொருவர் வந்து பார்த்து, பைப்புக்காக உத்திரத்தை வெட்டிவிடலாம் என்றாராம். பாய் அதைக் கேட்டுச் சிரித்தார். உத்திரத்தைத் தொடாமல், அதன் மேல் அரை அடி உயரத்துக்குக் கட்டைச் சட்டம் கட்டி, கனமான பிளைவுட் அடித்து, அதன் மேல், நின்று குளிக்கிற ஷவர் தட்டை உட்கார வைத்தார். தண்ணீர் போகும் பைப்பை அந்த அரை அடி இடைவெளியில் சரிவாக ஓட்டினேன். மாமா எவ்வளவு கால் தூக்குவார் என்று அவரையே தூக்கிக் காட்டச் சொல்லி, அந்த அளவுக்கு இரண்டு படி செய்து வைத்தார் பாய்.

கடைசி வேலை, தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிலிக்கான் பசை வைப்பது. பாய்க்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் முதலில் பாரம் ஏற்ற வேண்டும். மரம் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கிய பிறகு பசை வைத்து, அது காய்கிற வரை பாரத்தை எடுக்கக் கூடாது. காலித் தட்டில் வைத்தால், ஆள் ஏறி நின்றதும் பசை பிரிந்து வாயைத் திறந்துவிடும். அன்று வெள்ளிக்கிழமை. கீழே கிடந்த இரண்டு சிமெண்ட் மூட்டையை ஏற்றி வைத்துவிட்டுப் பசை போடு என்று சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குப் போனார்.

நான் மாடிப்படியைப் பார்த்தேன். மூட்டையைப் பார்த்தேன். காலித் தட்டிலேயே பசையை இழுத்துவிட்டேன். மறுநாள் பாய் கேட்டார்:

"மூட்டை வச்சியா?"

"வச்சேன் பாய். இப்பதான் எறக்கினேன்."

மூன்று மாதத்தில், கீழே மாமி வீணை சொல்லிக்கொடுக்கும் கூடத்தில் சொட்ட ஆரம்பித்தது. எங்களைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த அம்மாக்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பைப்புல கசிவு இல்ல மாமி" என்றேன். அது பொய் இல்லை. பைப்பில் கசிவு இல்லைதான். பைப் இல்லையென்றால் மரம் என்று மாமி எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் பாயை அவர் பேசிய பேச்சை இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடையாறில் மாமியின் மகள் வீட்டு வேலை பாய்க்கு வருவதாக இருந்தது. வேறு ஆளுக்குப் போனது. அந்தத் தெருவிலேயே பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒரு பெயிண்டர் எழுந்து, "பாய் கையில தப்பே கெடையாது. அந்த மாமி வூட்டு பாத்ரூம் ஒண்ணுதான்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தத் தட்டை மறுபடி உட்கார வைத்த நாளைப் பற்றி யாருக்கும் தெரியாது. பழைய பசையைச் சுரண்டி எடுத்தபோதே பாய்க்கு விளங்கியிருக்கும்; அது ஒரு பக்கம் முழுக்கச் சுவரை விட்டுப் பிரிந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஊறிய பலகையை மாற்றி, சட்டத்தைத் திரும்பக் கட்டி, தட்டை வைத்துவிட்டு, "ஏறி நில்லு நைனா" என்றார். நின்றேன். என் காலடியில் குந்தி உட்கார்ந்து சுற்றிலும் பசையை இழுத்தார். முடித்துவிட்டு எழுந்து, "மூட்ட வர்ற வரைக்கும் எறங்காதே" என்று கீழே போனார்.

நான் இறங்கினால் பசை பிரியும். அதனால் நின்றேன். என்னைவிட அவர் நாலு வயது மூத்தவர். ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து என் பக்கத்தில் வைத்தார். மூச்சு வாங்கினார். திரும்ப இறங்கி இரண்டாவதையும் கொண்டு வந்தார். அவர் ஏறி வருகிற அத்தனை நேரமும் எனக்கு வாய் இருந்தது. "இப்ப எறங்கு" என்றார். இறங்கினேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்று மாமி வீட்டுக்குப் போனேன். மாமா இன்றைக்கும் அதில்தான் குளிக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ்வளவு பேசினேனே ஏழுமலை. தலையைக் குனிஞ்சுண்டுதானே நின்னார். ஒரு வார்த்தை உன் பேரைச் சொல்லலையே."

"சொல்லலை மாமி."

"நீயும் சொல்லலை."



என் மருமகள் எழுதுகிறாள். ஒரு வார்த்தையும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். மாமி வீட்டில் தவறியது பாயின் கை இல்லை, என் கை. இனி நீங்கள் யாரும் அந்தக் குளியலறையைப் பற்றிப் பேசினால் பிளம்பர் ஏழுமலை செய்த வேலை என்று சொல்லுங்கள். பாயிடமிருந்து நினைவாக ஆளாளுக்கு ஒன்று வைத்திருப்பீர்கள். நான் அவர் மேல் விழுந்த அந்தக் கெட்ட பெயரை எடுத்துக்கொள்கிறேன்.