வெள்ளைக் கிண்ணத்தில் நெளிந்தவை

தைவானில், தைனான் நகரத்தின் அந்தச் சந்தில் லுவாவை இன்றும் ‘வியட்நாம்காரி’ என்றுதான் சொல்கிறார்கள். அவள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சந்தில் பாதிப் பேருக்குக் காலையில் சோயாப்பால் காய்ச்சி ஊற்றுகிறவளும் அவள்தான்.

மருமகளாக வந்த நாளிலிருந்து மீன் பொரிப்பது முதல் துணி காயப்போடுவது வரை அவளுக்கு யாராவது பாடம் நடத்திக்கொண்டே இருந்தார்கள். கணவன் இறந்த பிறகு வாசலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, நகக்கண் அளவு நன்னீர் இறால்களை வளர்த்தாள். அதில் பாடம் நடத்த அங்கே ஒருவருக்கும் தெரியாது. நிறம் வெளுத்ததை வேறு தொட்டிக்கு மாற்றி, சிவந்ததை மட்டும் பெருகவிட்டு, இப்போது அத்தனையும் மாதுளை முத்து போல. மேலே ஆகாயத்தாமரை மிதக்கும். தொங்கும் வேர்களில் குஞ்சுகள் நாள் முழுக்க மேயும்.

அடுத்த வீட்டு சியு-கிம்மின் கணவர் டெங்குவில் படுத்ததும் சந்து முழுக்க அந்தத் தொட்டியைத்தான் பார்த்தது.

“எலையப் போட்டு மூடி வெச்சிருக்கா பாருங்க, கொசுவுக்குப் பாய் விரிச்ச மாதிரி!” என்றாள் சியு-கிம். ஆஸ்பத்திரியில் விழித்து விழித்து அவள் கண் சிவந்திருந்தது.

“கொட்டிரும்மா, வம்பு எதுக்கு?” என்றார் வட்டாரத் தலைவர் சுவாங்.

“எதிர்க்கடை மீன்தொட்டி கண்ணுல படலையா, தலைவரே?” என்றாள் லுவா.

“அது ஐசுவரியத்துக்கு வெச்சது.”

“கொசு அதையெல்லாம் கேட்டுக்கிட்டா முட்டை போடும்?”

சுகாதார ஆய்வாளர் வந்தாள், சின்னப் பெண். “ஒரு கொசுப்புழு இருந்தாலும் கொட்டித்தான் ஆகணும் ஆன்ட்டி” என்றாள்.

லுவா கொடியைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டியை மூடும் வலையைத் துவைக்க எடுத்தவள், போன வாரம் முழுக்க அதைக் கொடியிலேயே மறந்துவிட்டிருந்தாள். கொசு வந்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்ய அவளால் முடியாது.

ஆய்வாளர் ஒரு செடியைத் தூக்கி வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் வேரை அலசினாள். மயிரிழை போல ஏதேதோ நெளிந்தன.

“பாத்தீங்களா! நான் சொல்லல?” என்று கத்தினாள் சியு-கிம். சுவாங் தொட்டியின் விளிம்பில் கை வைத்துவிட்டார்.

“கைய எடுங்க. கொசுப்புழுன்னா மூச்சு வாங்க மேல வந்தாகணும். பாப்போம். வந்துச்சுன்னா நானே கொட்டுறேன்” என்றாள் லுவா.

நாலு தலைகள் கிண்ணத்தின் மேல் குனிந்தன. ஒன்றும் மேலே வரவில்லை. அடியில் கிடந்த அழுக்கின் மேல் சாவகாசமாக நடந்து, கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. ஆய்வாளர் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

“கால் இருக்கு. எல்லாம் இறால் குஞ்சு. கொசுப்புழுவுக்கு ஏது கால்?”

லுவா மூச்சை விட்டாள். விட்ட கையோடு கேட்டாள்: “எல்லார் வீட்டுத் தண்ணியையும் இதே மாதிரி பாப்பீங்கல்ல?”

எதிர்க்கடைத் தொட்டியில் ஒன்றுமில்லை. சுவாங் வீட்டுப் பூஜை மாடத்தில் ஒரு பூ ஜாடி இருந்தது.

“அது சாமிக்கு வெச்ச தண்ணி!”

“கொசு கும்பிடவா வருது, தலைவரே?”

ஜாடித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றியதும் கறுத்த புழுக்கள் வாலை மேலே நீட்டித் தொங்கின. விரல் நிழல் பட்டதும் துள்ளி அடியில் இறங்கின. அதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அயலூர்க்காரியின் தண்ணீரைச் சந்தேகிக்க அந்தச் சந்துக்கு ஒரு மூச்சு நேரம் போதுமாயிருந்தது. சாமி முன்னால் நாறிக்கொண்டிருந்த தண்ணீரைச் சந்தேகிக்கவோ, ஒரு மனிதன் சாகக் கிடந்தும் எவருக்கும் துணிவு வரவில்லை. மன்னிப்பும் எவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் சியு-கிம் வந்து வாசலில் நின்றாள்.

“அவருக்கு ரத்தத்துல தட்டணு ஏறிடுச்சாம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க.”

“அப்பாடா! நல்ல வேளை அக்கா.” லுவா அதை மனசாரத்தான் சொன்னாள்.

“பயத்துல வாய்க்கு வந்தத…” சியு-கிம் தொட்டிப் பக்கம் குனிந்தாள். “குட்டி எங்க, ஒண்ணையும் காணோம்?”

“வேர் நுனியில பாருங்க. அதோ, மீசைய ஆட்டுது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“இன்னும் கிட்ட வாங்க” என்று லுவா நகர்ந்து இடம் விட்டாள்.