சுவரில் ஓட்டை போட வைத்தவள்

என் பெண்டாட்டியைத் தெருவில் எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் விளக்கை அணைக்கிற வரைக்கும் ஓடும். அடுப்போடு பேசுவாள், கதவோடு பேசுவாள், மூடி சேராத டப்பாவைத் திட்டுவாள்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். செங்கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இன்றைக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் 'இது நான் கட்டியது' என்று ஒரு வீட்டையாவது காட்டுகிற ஆள். ஆரம்ப காலத்தில் எனக்குக் கலவை கலந்து கொடுத்தவள் இவள்தான். வாய் நிற்காது, ஆனால் கலவையில் தண்ணீர் கூடாது, குறையாது. நாங்கள் குடியிருக்கிற வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகவே கட்டினோம். அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட நான் யாரையும் விட்டதில்லை. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, வந்து தட்டிப் பாருங்கள்.

இரண்டு மழைக்காலமாக ரேடியோவில் இரைச்சல். இருமல். ஒரு சங்கதி சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிற்பாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள ஈரத்துணி காயப்போடுறீங்களா?" என்று கேட்டார். மழையில் வேறு எங்கே போடுவது? படுக்கையறை முழுக்கக் கயிறுதான். தொங்குகிற போர்வைக்கு அடியில் குனிந்துதான் கட்டிலுக்கே போவோம். மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் வேறு. அந்த ஈரம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது என்றார் டாக்டர்.

மகளுக்கு விஷயம் போனது. "மழை முடியிற வரைக்கும் அம்மா என் வீட்டுல இருக்கட்டும். நீங்களும் வாங்கப்பா."

"நான் எதுக்கு? எனக்கு வீடு இருக்கு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் யார் பேசுவது? அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. துணி காயவைக்கிற மெஷின் வாங்கப்போகிறேன் என்றேன்.

"மாசக் கடைசியில வர்றேன். வீடு காய்ஞ்சிருந்தா சரி, இல்லன்னா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று கெடு வைத்தாள். என் மகளாச்சே, பிடிவாதம் எங்கே போகும்?

கடையில் விற்பனைக்கு நின்ற பெண் ஒரு மெஷினைத் தட்டிக்காட்டி, "இது வென்டட் டிரையர் ஐயா, நல்லா போகுது" என்றாள். என் காதில் 'வெந்த' டிரையர் என்று விழுந்தது.

"வெந்ததையெல்லாம் என் தலையில கட்டாதம்மா. தீப்பிடிச்ச கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்தீங்களா? வேகாதது ஒண்ணு காட்டு."

ரேடியோ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயோ மேஸ்திரி! வெந்தது இல்லீங்க, வென்ட்டு! காத்து வெளிய போற குழாய்!"

கடைப்பெண்ணும் சிரித்துவிட்டு விளக்கினாள். அந்த மெஷின் ஈரக்காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளிவிடுமாம். அதற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை வேண்டும். இன்னொன்று குழாய் இல்லாதது. ஈரத்தைத் தண்ணீராக ஒரு தொட்டியில் பிடித்து வைக்கும், நாம் எடுத்துக் கொட்ட வேண்டும்.

ஓட்டை என்று கேட்டதுமே, "அந்த வேகாததையே குடு" என்றேன்.

இவள் தொட்டியை இழுத்துப் பார்த்தாள். "தண்ணி நிறைஞ்சா இதை யார் தூக்குறது? நீங்களா? குடிச்ச டம்ளரையே எடுத்து வைக்க மாட்டீங்க."

கடைப்பெண் கூரையைப் பார்த்தாள். ரேடியோ வென்ட் மெஷின் பக்கம் போய்க் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். பெரிய போர்வை போகுமா என்று கேட்டாள். பஞ்சு பிடிக்கிற வலையை உருவிப் பார்த்துத் திரும்பச் செருகினாள். பிறகு அதன் முதுகைத் தடவி, "என்னடா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள். நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மெஷினைத் துவைக்கிற அறையில் வைத்தோம். எனக்கா யோசனை வராது? சுவரைத் தொடாமல், மேலே இருந்த திறப்பு வழியாகப் பக்கத்துச் சாமான் அறைக்குள் குழாயை விட்டேன். துணி மொறமொறவென்று காய்ந்து வந்தது. எப்படி என் மூளை என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது சாமான் அறையிலிருந்து குரல்.

"மேஸ்திரி, கொஞ்சம் வாங்க."

சுவரெல்லாம் வியர்த்துக் கொட்டியது. "ஈரத்தை அந்த ரூம்லேர்ந்து கிளப்பி இந்த ரூம்ல குடி வச்சிருக்கீங்களே, வாடகை ஏதாவது தருமா?" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அந்த ஈரச்சுவரையே பிடித்துக்கொண்டு இருமினாள்.

நான் போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன்.

வெளியாளைக் கூப்பிடலாம் என்றாள். என் சுவரை இன்னொருத்தன் தொடுவதா? நானே கொத்தினேன். மத்தியானம் முழுக்கப் போராடியும் செங்கல் அசைய மாட்டேன் என்றது.

"பாத்தியா, என் சுவரை!" என்றேன்.

"கலவை என்னுது" என்றாள், தூசிக்குப் பயந்து வாசலில் நின்றபடி. பொழுது சாய்கிற நேரத்தில்தான் ஓட்டை விழுந்தது, குழாயும் வெளியே போனது.

மாசக் கடைசியில் மகள் பெட்டியோடு வந்து இறங்கினாள். அதிகாரி மாதிரி ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். படுக்கையறையில் கயிறு இல்லை. மூலையைத் தேய்த்துக் கழுவிப் புதுசாக வெள்ளையடித்திருந்தேன், அதையும் தொட்டுப் பார்த்தாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "கொஞ்ச நாளாவது வந்து இரும்மா."

"துணி உள்ள ஓடிட்டிருக்குடி, விட்டுட்டு எப்படி வர்றது?"

"அது தானா நின்னுடும்மா."

"நின்னதும் எடுத்து மடிக்கணும்ல. உங்கப்பா மடிச்சா சட்டையா இருக்கும்? பொட்டலமால்ல இருக்கும். அன்னைக்குப் பாரு, கடையில போய்..." என்று ஆரம்பித்து, என் மானத்தை மிச்சம் வைக்காமல் வாங்கினாள். நடுவில் ஒரே ஒரு தடவை செருமினாள், அவ்வளவுதான்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கொண்டுவந்த காலிப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய காரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.