ஏழாம் நம்பர் கட்டில்

பெட்ஷீட்டக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட பதினாலு வருஷமாக அந்த விடுதியில் ஆளில்லை. ஊர் சுற்ற வரும் வெளிநாட்டு இளவட்டங்கள் கொஞ்சக் காசில் தங்கிப் போகும் இடம் அது. அறைக்கு ஆறு அடுக்குக் கட்டில், மொட்டை மாடியில் ஓயாத ஆட்டம் பாட்டம். காலை பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக எழுந்து, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் யாருடையதோ செருப்புமாக வரும். குடிக்கத் தெரிகிறது, போர்வை மடிக்கத் தெரியவில்லையே என்று திட்டிக்கொண்டே அக்கா விரிப்பு மாற்றுவாள். திட்டெல்லாம் வாயோடு சரி. எந்தப் பிள்ளையாவது காய்ச்சலில் விழுந்தால் வெந்நீரும் மாத்திரையுமாக ஓடுவதும் அவள்தான்.

கீழ்க் கட்டிலில் படுத்தால் மேல் கட்டிலின் அடிப்பலகைதான் கண்ணுக்கு நேரே தெரியும். அதில் எதையாவது கிறுக்காமல் ஒரு பிள்ளையும் கிளம்பியதில்லை. போன வாரம் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, அத்தனையும் அழித்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்கா பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து, மல்லாக்கப் படுத்து மூன்று நாள் தேய்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பலகையெல்லாம் புதுசாட்டம் ஆகிவிட்டது. சுத்தம் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இன்றைக்கு, வெளிநாட்டில் குடியிருக்கும், ஐம்பது தாண்டிய ஒரு தமிழ் அம்மா சின்னப் பெட்டியோடு வந்து நின்றாள். ஏழாம் நம்பர் கட்டில்தான் வேண்டுமாம். இங்கே சத்தமாக இருக்கும், தூங்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அக்காதான் மாடிக்குக் கூட்டிப்போனாள். படியேறும்போது விஷயம் வந்தது. போன வருஷம் அவள் மகன் அந்தக் கட்டிலில் பத்து நாள் தங்கியிருக்கிறான். இங்கிருந்து கிளம்பிப் போன பஸ் கவிழ்ந்துவிட்டது. ஒரே பிள்ளை. கிளம்பும் முன்னால் போனில், உன்னைப் பற்றித் தலைக்கு மேலே எழுதியிருக்கிறேன், ஒருநாள் வந்து பாரும்மா என்று சிரித்தானாம். என்ன எழுதினான் என்று மட்டும் சொல்லவில்லையாம். பாஸ்போர்ட், விசா என்று அலைந்து இவள் வந்துசேர ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

அடிப்பாவி, ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா! என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் அக்கா. கட்டிலையே மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லலாம். அம்மான்னா உசிரு என்று எழுதியிருந்தான் என்றால்கூட நம்பிவிடுவாள். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அந்த அம்மா அறைக்குள் போய்ச் செருப்பைக் கழற்றி, ஏழாம் கட்டிலில் படுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே பார்த்தாள்.

“போன வாரம்தான் அழிச்சேன்,” என்றாள் அக்கா. “இந்தக் கையாலதாம்மா. என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கக்கூட இல்ல.”

அந்த அம்மா பலகையைத் தடவிப் பார்த்தாள்.

“சின்னதுல வீட்டுச் சுவர் பூரா கிறுக்குவான்,” என்றாள் கடைசியில். “அடிச்சு, அவன் கையாலயே அழிக்க வெச்சேன்.”

அக்கா கீழே ஓடி டார்ச் எடுத்து வந்தாள். கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டு, பலகையின் இடுக்கு, ஓரம், ஆணித்தலை என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துத் தேடினாள். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தாள்.