அண்ணி வளர்த்த கடல் சாமந்தி

அண்ணியை நினைத்தால் முதலில் அந்த வெள்ளை மல் துணிதான் கண்ணில் வருகிறது. இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, கிணற்றுத் தண்ணீரை அதில் வடிகட்டுவார். வடிந்ததும் துணியைக் கவிழ்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசலைத் திரும்பக் கிணற்றிலேயே இறக்குவார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் உயிர் துணியில் சிக்கியிருக்கலாம். எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைச் சேர்த்துவிட வேண்டும். காஞ்சிபுரத்தில் எங்களைப் போன்ற சமண வீடுகளில் இது பல் துலக்குவது மாதிரி அன்றாட வேலை. நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான், ஆனால் சோம்பேறி; அண்ணி பார்க்காத நேரத்தில் வாளியிலிருந்தே மொண்டு குடித்துவிடுவேன்.

என் அண்ணன் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். தவளை அறுக்கிற படிப்பு நம் குலத்துக்கு எதற்கு என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் கேட்கவில்லை. ஆனாலும் அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் மாணவர்களோடு மண்டபம் கடற்கரைக்குப் போனவர், வாளியில் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சை மொக்குகள். உயிருள்ள பவளம் என்றார். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று செய்யச் சொல்லி, கிழக்குச் சன்னலடியில் வைத்து, கடல் நீர் நிரப்பினார். காலை வெயில் பட்டதும் மொக்குகள் விரியும். "இதுக்குத் தீனியே வேணாம்பா, வெயிலச் சாப்டுக்கினு இருக்குது. நம்மளவிடச் சைவம்" என்பார். இத்தனை அறுத்ததற்கு ஈடாக ஒன்றையாவது உயிரோடு வைத்திருக்கிறேனே என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணி சிரிக்கமாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியவர் அப்படியே நடையில் உட்கார்ந்தார். எழவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த வீட்டில் அண்ணியும் அந்தத் தொட்டியும் மிஞ்சினார்கள். பட்டு நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டு அடுத்த தெருவில் குடியிருந்த நான், லீவு நாட்களில் மகாபலிபுரம் போய்க் கேனில் கடல் நீர் மொண்டு வருவேன். "கோயில் ஊர்ல தீர்த்தத்துக்கா பஞ்சம், இத எதுக்குத் தூக்கினு வர்றே?" என்று கண்டக்டர் கேலி செய்வார். எனக்கும் சலிப்புதான். ஆனால் காலையில் அந்தப் பச்சை விரியும்போது அண்ணியின் முகத்தைப் பார்த்தவன், கேனைத் தூக்காமல் இருக்க முடியாது.

அண்ணன் போன சில மாதங்களில் கல்லின் இடுக்கில் பழுப்பாக ஒன்று தலைகாட்டியது. மெல்லிய காம்பு, உச்சியில் கண்ணாடி இழைகளாக விரல்கள். கடல் சாமந்தி என்று அதற்குப் பெயர்; பெயரில்தான் பூ, அதுவும் ஒரு பிராணிதான். பார்க்க அழகுதான். ஆனால் அதன் விரல் பட்ட இடத்தில் பச்சை மொக்கு சுருங்கிக் கருகியது. அண்ணி மல் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல அதைப் பெயர்த்து எடுத்தார். பாட்டிலில் போட்டு என்னிடம் தந்து கடலில் விடச் சொன்னார். விட்டேன். அடுத்த மாதம் நாலைந்து முளைத்தன. அவற்றையும் பெயர்த்தார். மழைக்காலம் வருவதற்குள் கல்லில் பாதி பழுப்பாகிவிட்டது.

அண்ணனோடு வேலை பார்த்த விரிவுரையாளர் ஒருவர் வந்து, அண்ணி பெயர்த்தெடுப்பதைக் கூடவே நின்று பார்த்தார். வேலை முடிந்ததும் அண்ணி வழக்கப்படி துணியைத் தொட்டியிலேயே அலசினார். அவர் பதறிப்போய், "அய்யோம்மா, அங்கதான் தப்பு நடக்குது! இத்துனூண்டு தோல் கிழிஞ்சி விழுந்தாப் போதும், அது முழுசா ஒண்ணா வளந்துடும்" என்றார். பிறகு வழியும் சொன்னார்: "ஊசில கொதிக்கிற தண்ணிய ஏத்தி ஒவ்வொண்ணா குத்திடுங்க. பட்டுக்கூட்டக் கொதிக்கவெச்சிப் பொழைக்கிற ஊரு இது. இதுக்குப் போயிப் பாவம் பார்த்தா ஆவுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெங்களூரிலிருந்து நூலாகவே வந்துவிடுவதால் கொதிநீர் எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். என் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. கல்யாணத்துக்குக்கூடப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டவர் அண்ணி. விரிவுரையாளர் போன பிறகு, "காப்பாத்திக்கினு இருக்கேன்னு நெனச்சேன். பெருக்கிக்கினு இல்ல இருந்திருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கண்ணாடி ஊசி. எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணி பாத்திரத்தை இறக்கித் தொட்டியருகே கொண்டுவந்து வைத்தார். ஊசியை எடுத்தார். பச்சை மொக்குகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் அப்போது திறந்திருந்தன. ஊசியில் தண்ணீரை ஏற்றாமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவரு போனதுக்கு அப்பறம் வந்ததுங்க இதுங்க."

"கல்லு இடுக்குல முன்னயே இருந்திருக்கும் அண்ணி."

"அறுத்த கை அது. நல்ல பொறப்பாவா கெடச்சிருக்கும்? இதுல ஒண்ணு அவரா இருந்தா நான் எத்தக் குத்தறது?"

"இன்னா பேச்சு அண்ணி இது" என்றேன். தொட்டிக்குள் அத்தனை பழுப்பு விரல்களும் எங்கள் பக்கம் நீண்டு அசைந்தன. பாத்திரத்தை வைத்த அதிர்வில் தொட்டித் தண்ணீர் ஆடியிருக்கும், அதனால் இருக்கும். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்துபோனேன்.

அண்ணி ஊசியைக் கீழே வைத்தார். கொதிநீரை அப்படியே கொட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மண்ணில் இருக்கும் புழு பூச்சி வெந்துவிடும். "ஆறட்டும். அப்பறம் செம்பருத்திக்கு ஊத்திடலாம்" என்றார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில வாரங்களில் பச்சை முழுவதும் போய்விட்டது. கடைசி மொக்கு மூடிய பிறகு அண்ணி என்னோடு பஸ்ஸில் வந்து, கல்லைக் கடலில் இறக்கினார். கடல் சாமந்தியில் ஒன்றை மட்டும் வாய் அகன்ற ஊறுகாய் பாட்டிலில் வைத்துக்கொண்டார். ஏன் அதை மட்டும் என்று கேட்டேன். கல்லைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது அதுவாகவே விரலில் வந்து ஒட்டிக்கொண்டதாம். சன்னலடியில் அந்த ஒன்றோடு வருஷக்கணக்காக இருந்தார். அது பெருகவில்லை. நான் கடல் நீர் கொண்டுவருவதையும் நிறுத்தவில்லை.

எழுபதுகளின் முடிவில் அண்ணியும் போனார். காரியங்கள் முடிந்து வீட்டைப் பூட்ட வந்தபோது பாட்டிலைப் பார்த்தேன். பழையதன் காம்பை ஒட்டியே இன்னொன்று நின்றுகொண்டிருந்தது, சின்னதாக. அது அப்படித்தான் பெருகும் என்று எனக்குத் தெரியும். அந்த விரிவுரையாளர் சொல்லிக் கேட்டவன்தானே. மறுபிறப்பில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பாட்டில் இன்று என் அறைச் சன்னலில் இருக்கிறது. பேரன்தான் இப்போது காரில் போய்க் கடல் நீர் கொண்டுவருகிறான். இதை ஒழிக்கக் கடையிலேயே மருந்து விற்கிறார்கள் தாத்தா என்று அவ்வப்போது சொல்வான். இப்போது அதில் ஏழெட்டு இருக்கும். அண்ணிக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் போனவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். சரியாக எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை.